அறுவைப் பிரசவத்திற்குப் பின் வீட்டில் 42 நாட்கள்

சென்ற தலைமுறையில் நமது சங்க அங்கத்தினர் இல்லங்களில் அபூர்வமாகக் கேள்விப்பட்ட ஒரு சிகிச்சை, இன்று தெருவுக்குத் தெரு நடைபெறும் காரியமாகிவிட்டது. வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் சிசேரியன் ரணசிகிச்சையையே குறிப்பிடுகிறோம். 2015–16-ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களுள் 34 இம்முறையில் நிகழ்ந்தன. 2019–21-ஆம் ஆண்டுகளின் ஆய்வில் அத்தொகை ஏறக்குறைய 45 ஆக உயர்ந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 100-க்கு 36. தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. இவற்றுள் அவசியமானவை எத்தனை, அவசியமற்றவை எத்தனை என்பது தனியே விவாதிக்க வேண்டிய பெரிய விஷயம். அதை இங்கே எடுத்துக் கொள்ளவில்லை. சிகிச்சை முடிந்து தாயும் சேயும் வீடு திரும்பிய பின் நாம் செய்ய வேண்டியது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் செய்வது ஒரு மணி நேர வேலை. அதன் பின்னர் உள்ள 6 வாரங்களின் பொறுப்பு முழுவதும் வீட்டாரைச் சார்ந்தது.

ஜூலியஸ் சீசர் இவ்வாறு பிறந்தமையால் இப்பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. அது கட்டுக்கதையே. அக்காலத்தில் தாய் இறந்த பிறகே வயிற்றைக் கீறுவார்கள். சீசரின் தாயோ, அவன் வளர்ந்து படை நடத்திய காலம் வரையில் உயிரோடிருந்தவள். தாய் பிழைப்பாள் என்ற உறுதியோடு இச்சிகிச்சையைச் செய்வது கடந்த நூற்றாண்டில்தான் சாத்தியமாயிற்று. இன்று அது பழகிப்போனதால் அதன் கனத்தை நாம் மறந்துவிட்டோம். "வலி படாமல் பெற்றுவிட்டாள்" என்று அண்டை வீட்டார் பேசுவது வழக்கம். உண்மை இதற்கு மாறானது. பிள்ளை பெற்றவளின் களைப்பும், பெரிய ரணசிகிச்சை செய்துகொண்டவளின் களைப்பும் ஒருசேர அவளைச் சேர்கின்றன. இயல்பான பிரசவத்தில் ஏறக்குறைய அரை லிட்டர் இரத்தம் போகுமானால், இதில் அதைப்போல் இரு மடங்கு வரை போகக்கூடும்.

உள்ளே நடப்பது என்னவென்று அறிந்துகொண்டால் ஓய்வின் அவசியம் தானே விளங்கும். முதலில் தோல், அதன் கீழ்க் கொழுப்பு, அதற்கும் கீழே வயிற்றுத் தசைகளைப் போர்த்தி நிற்கும் உறுதியான சவ்வு ஆகியவை அறுக்கப்படுகின்றன. தசைகளை அறுக்காமல் இருபுறமும் விலக்குகிறார்கள். பின்னர் குடலை மூடியுள்ள மெல்லிய சவ்வும், கடைசியில் கருப்பையின் கீழ்ப்பகுதியும் திறக்கப்படுகின்றன. குழந்தையை எடுத்த பிறகு இவற்றை அடுக்கடுக்காகத் தைக்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது மேல்தோல் ஒன்றே. அது 10 அல்லது 14 நாட்களில் மூடிக்கொள்கிறது. அதைக் கண்டு "புண் ஆறிவிட்டது" என்று மாமியாரும் மகிழ்கிறார், மருமகளும் எழுந்து வேலைக்குப் போகிறாள். ஆனால் வயிற்றின் பாரத்தைத் தாங்கும் அந்த உறுதியான உட்சவ்வு 6 வாரங்கள் சென்ற பின்னும் தன் பழைய வலிமையில் ஏறத்தாழப் பாதியைத்தான் பெற்றிருக்கும். மீதியைப் பெறச் சில மாதங்கள் வேண்டும். பிரசவித்தவுடன் சுமார் 1 கிலோ எடையிருக்கும் கருப்பையும் இதே 6 வாரங்களில்தான் 100 கிராமுக்கும் குறைவாகச் சுருங்குகிறது. பாவில் அறுந்த இழையை முடிந்தவுடன் ஓங்கி அடிக்கும் நெசவாளர் எவரும் இல்லை. முடிச்சு நிற்கிறதா என்று பார்த்தே அடிப்பார்கள். இந்தத் தையலுக்கும் அந்த அளவு பொறுமையேனும் காட்ட வேண்டும்.

சுமையைப் பற்றிய விதி எளிமையானது. முதல் 6 வாரங்களுக்குத் தன் குழந்தையின் எடைக்கு மேற்பட்ட எதையும் தாய் தூக்கலாகாது. குழந்தை 3 கிலோ இருக்கும். தெருக்குழாயில் நிரப்பிய குடம் ஒன்று 15 கிலோவுக்குக் குறையாது. கல்வராயன் மலையில் ஊற்றிலிருந்தோ தொட்டியிலிருந்தோ அதே குடத்துடன் மேட்டில் ஏற வேண்டியிருக்கிறது. விறகுக்கட்டு, மரவள்ளிக் கிழங்கு மூட்டை, கரும்புக் கட்டு ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கரும்பில் தோகை உரிப்பதும் களையெடுப்பதும் சுமை இல்லாத வேலைகள்தானே என்று சிலர் நினைப்பர். நாள் முழுதும் இடுப்பை வளைத்து நிற்பதால் அவையும் தையலை இழுக்கும்.

குழித்தறியின் விஷயம் இன்னும் கவனத்திற்குரியது. நெய்பவர் குழியில் கால்களை இறக்கி மிதியை மாற்றி மாற்றி அழுத்துகிறார். நெய்த துணியைச் சுற்றும் உருளைமரம் அடிவயிற்றுக்கு நேரே, பெரும்பாலும் வயிற்றைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. ரணசிகிச்சைத் தழும்பு இருக்கும் இடமும் அதுவே. ஒவ்வொரு மிதிக்கும், ஒவ்வொரு அடிக்கும் வயிற்றுத் தசைகள் இறுகித் தளர்கின்றன. ஒரு நாளில் இது பல்லாயிரம் முறை. ஆகவே தறியில் இறங்குவதை 6 வாரங்களுக்குப் பின்னரும் டாக்டரைக் கேட்டே தொடங்குவது நலம். தார் சுற்றுவது அவ்வளவு கடினமன்று. மூன்று நான்கு வாரங்களுக்குப் பிறகு, சாய்ந்து உட்கார வசதி செய்துகொண்டு, அரை மணி நேரம் சுற்றி அரை மணி நேரம் படுத்து எழுந்திருக்கலாம். வலி கண்டால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

இங்கே அங்கத்தினராகிய ஆடவர்க்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது தலையை ஆட்டாத கணவர் இல்லை. மறுநாள் காலையில் தண்ணீர்க் குடம் யாருடைய இடுப்பில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. தலைப்பிரசவமானால் பெண் தாய்வீட்டில் இருப்பாள், தாயார் பார்த்துக்கொள்வார். இரண்டாவது பிரசவத்தில்தான் தொல்லை. அப்போது அவள் பெரும்பாலும் கணவன் வீட்டிலேயே இருக்கிறாள். இரண்டு வயதுள்ள மூத்த குழந்தை, தம்பியைக் கண்ட ஏக்கத்தில் "தூக்கு" என்று அழுகிறது. அதுவே 10 கிலோ. அக்குழந்தையைத் தாய் உட்கார்ந்தபடியே மடியில் ஏற்றுக்கொள்ளலாம், நின்றுகொண்டு தூக்கலாகாது. மற்ற நேரங்களில் தந்தையோ பாட்டியோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தார் சுற்ற ஆளில்லாமல் தறி நிற்குமே, கூலி குறையுமே என்ற கவலை நியாயமானதுதான். நடவுக்கும் களையெடுப்புக்கும் முறைவைத்து ஒருவர் நிலத்தில் மற்றவர் உழைத்த வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதே முறையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் 6 வாரங்களுக்குத் தார் சுற்றித் தர, பின்னர் அவர்கள் வீட்டில் பிரசவம் நேரும்போது இவள் சுற்றித் தருவது என்று எட்டாம் மாதத்திலேயே பேசி வைத்துக்கொள்வதில் தடையொன்றும் இல்லை.

ஓய்வு என்பதற்குப் பாயை விட்டு எழாமல் கிடப்பது என்று பொருள் கொள்ளலாகாது. பிரசவத்திற்குப் பின் இரத்தம் எளிதில் உறையும் தன்மையோடு இருக்கிறது. அசையாமல் படுத்திருந்தால் கால் நரம்புகளில் அது கட்டியாகி, அக்கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால்தான் ஆஸ்பத்திரியில் மறுநாளே நடக்கச் சொல்கிறார்கள். வீட்டிலும் நாள்தோறும் பலமுறை வாசல் வரையில் மெல்ல நடந்து வருவது மருந்துக்கு ஒப்பானது. எழும்போது நேராக நிமிரக் கூடாது. முதலில் ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும். தரையில் விரித்த பாயைவிடப் பலகைக் கட்டில் இதற்கு உதவும். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து எழுவதைக் கடினமாக்கும். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு தலையணையைத் தையலின்மேல் அணைத்துக்கொண்டு இரும வேண்டும். வலி பாதியாகக் குறையும்.

புண்ணைப் பேணுவதில் நம் வீடுகளில் அக்கறை மிகுதி. ஆயினும் அது சில சமயங்களில் எதிரிடையாக முடிகிறது. மஞ்சள், சாம்பல், எண்ணெய், பச்சிலை எதையும் தையலின்மேல் வைக்க வேண்டாம். டாக்டர் அனுமதித்த நாள் முதல் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு மெதுவாகக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, ஈரமின்றி வைத்தால் போதும். வயிறு மடிந்து தையலை மூடுமானால் அவ்விடத்தில் வியர்வை தங்கிப் புண் கெடும். படுத்திருக்கும்போது சிறிது நேரம் காற்றுப் படவிட வேண்டும். பாவாடை நாடாவைத் தையலின்மேல் இறுக்கிக் கட்டும் வழக்கத்தால் ஆறிய புண் மீண்டும் கிளறப்படுவதுண்டு. நாடாவைத் தொப்புளுக்கு மேலே தளர்வாகக் கட்டுவது, அல்லது தொளதொளப்பான அங்கியை உடுத்துவது நல்லது. வயிற்றில் துணி கட்டுவது பழைய வழக்கம். தளர்வாகக் கட்டினால் நடக்கும்போது ஆதரவாக இருக்கும், அதில் தவறில்லை. வயிறு சுருங்க வேண்டுமென்று மூச்சுத் திணறக் கட்டுவதால் பயனில்லை. கருப்பை தானே சுருங்கும். குழந்தை பால் குடிப்பதே அதற்குப் பெரிய தூண்டுதல்.

முதுகுத்தண்டில் போட்ட ஊசியால் ஆயுள் முழுதும் முதுகு வலிக்கும் என்ற நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. ஊசி போட்ட இடத்தில் சில நாட்கள் வலி இருப்பது உண்மை. அதற்குப் பின் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணம் அன்று என்றே ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. தளர்ந்த வயிற்றுத் தசை, கூனிக் குனிந்து பால் கொடுப்பது, சீக்கிரமே குடம் தூக்குவது ஆகியவையே பெரும்பாலும் காரணம். ஆனால் முதல் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்தால் கடுந்தலைவலியும் படுத்தால் தணிவும் தெரியுமாயின், அது ஊசியால் வரும் தலைவலியாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

உணவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது தண்ணீர். தண்ணீர் குடித்தால் வயிறு பருக்கும், புண்ணில் நீர் கோக்கும் என்று அஞ்சி, வெயிற்காலத்திலும் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு செம்பு நீரை அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. இதைப்போல் தீங்கானது பிறிதில்லை. பால் சுரக்கவும் மலம் இளகவும் சிறுநீரில் நோய் பற்றாமலிருக்கவும் தாகம் தீர நீர் பருக வேண்டும். பருப்பு தின்றால் தையல் சீழ் பிடிக்கும் என்பதும் இவ்வாறான அச்சமே. அறுந்த சதை கூடுவதற்கு வேண்டிய சத்து பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் பாலிலும்தான் இருக்கிறது. பத்தியத்தில் உள்ள நல்லவற்றை விட வேண்டியதில்லை. பூண்டு, முருங்கைக்கீரை, கருப்பட்டி, பால்சுறா எல்லாம் சிறந்தவை. மலைப்பகுதி வீடுகளில் விளையும் கேழ்வரகும் சாமையும் கடையில் வாங்கும் எந்த மாவுக்கும் தாழ்ந்தவை அல்ல. முக்கி மலம் கழிப்பது தையலுக்குத் துன்பம். கீரையும் பழமும் அதைத் தவிர்க்கும்.

2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுள் ஏறக்குறைய பாதிப்பேர் இரத்தச்சோகை உடையவர்கள். அந்நிலையிலேயே ரணசிகிச்சையும் நேர்ந்தால் களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கும். இதற்காகவே பிரசவத்திற்குப் பின் 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை நாளொன்றுக்கு ஒன்று வீதம் அரசாங்கத்தால் இலவசமாக வழங்கப்படுகிறது. அதைத் தேநீரோடும் பாலோடும் சேர்த்து உண்ணலாகாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் வேறு நேரத்தில் உண்ண வேண்டும். மலம் கறுப்பது கண்டு பயந்து நிறுத்துகிறவர்கள் பலர். அது மாத்திரையின் நிறமே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் முதல் இரு பிரசவங்களுக்குத் தரப்படும் 18,000 ரூபாய் உதவியில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அடங்கும். அப்பெட்டகத்தின் நெய்யும் பேரீச்சம்பழமும் வீட்டிலுள்ள அனைவருக்கும் பங்கிடப்பட்டுத் தாய்க்கு இரண்டு நாளைக்கே மிஞ்சுவதை எத்தனையோ வீடுகளில் காணலாம். அது யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவளே உண்ணட்டும்.

ரணசிகிச்சைக்குப் பின் பால் ஊறுவது ஒன்றிரண்டு நாட்கள் தாமதமாகலாம். அதற்குள் பொறுமையிழந்து சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், தேன் முதலியவற்றை நாவில் தடவுகிறார்கள். நம் மலையின் தேன் பெயர்பெற்றது, பெரியவர்க்கு நல்லது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அது ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் உடலைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கவல்லது. அடிக்கடி மார்பில் பிள்ளையை அணைத்துச் சீம்பால் ஊட்டுவதே பால் பெருக வழி. ஒருக்களித்துப் படுத்தபடி ஊட்டலாம். அல்லது குழந்தையின் கால்கள் தாயின் அக்குளுக்குக் கீழே பின்புறமாகச் செல்லும்படி, அதன் உடலைக் கையில் இடுக்கிக்கொண்டு ஊட்டலாம். இவ்விரு முறையிலும் தையலின்மேல் பாரம் விழாது. டாக்டர் எழுதிக் கொடுத்த வலிமாத்திரை பாலைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பது வீண். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவை பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றவையே. கடையில் தாமாக வாங்கும் மாத்திரைதான் கூடாது.

இனி, தாமதித்தால் உயிர்ச்சேதம் நேரக்கூடிய சில குறிகள். உடல் வெப்பம் 100.4 டிகிரிக்கு மேற்படுவது. தையலைச் சுற்றிச் சிவந்து வீங்குவது, சீழ் வடிவது, தையல் விட்டுப்போவது. போக்கு துர்நாற்றம் வீசுவது. ஒரு மணி நேரத்திற்குள் ஒரு துணி முழுதும் நனையும்படி இரத்தம் போவது, அல்லது பெரிய கட்டிகளாக விழுவது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. திடீரென மூச்சு வாங்குவது, மார்பு வலிப்பது. கடுந்தலைவலியோடு கண் மங்குவது, வலிப்பு வருவது. சிறுநீர் கழிக்க இயலாமை. இவற்றுள் ஒன்று கண்டாலும் கஷாயம் வைத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கலாகாது. பிரசவத்தின்போது இரத்த அழுத்தம் இல்லாதிருந்தவர்க்கும் வீடு திரும்பிய பின் அது ஏறி வலிப்பு உண்டாவதுண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் உள்ளவர்க்கு ஆஸ்பத்திரி அருகில் இருக்கிறது. கள்ளக்குறிச்சி, 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரி 12-ஆம் தேதி இங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்துவைக்கப்பட்டது. மலையில் வாழும் அங்கத்தினர்க்கு நிலைமை வேறு. உட்கிராமத்திலிருந்து வெள்ளிமலைக்கு வந்து, அங்கிருந்து கச்சிராயபாளையத்துப் பக்கமாக வளைவுப் பாதையில் இறங்கி வர வேண்டும். மழையில் பாதை கெடும்; கைபேசி எட்டாத இடங்களும் உண்டு. ஆதலால் மலைவாசிகளுக்கு இரு யோசனைகள். ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கச் சொல்லும் நாட்கள் முழுவதும் இருந்துவிட்டே வர வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிசேரியனும் மருந்தும் 7 நாள் உணவும் வீடு கொண்டு சேர்க்கும் வண்டியும் 2011-ஆம் ஆண்டு தொடங்கிய தாய் சேய் பாதுகாப்புத் திட்டத்தின்படி இலவசம். சீக்கிரம் புறப்படுவதால் மிச்சமாவது ஒன்றுமில்லை. அடிவாரத்தில் உறவினர் இருந்தால் மேலும் ஒரு வாரம் அங்கே தங்கிச் செல்வது இன்னும் நலம். இரண்டாவது, பகலில் சந்தேகம் தோன்றினால் இரவு வரையில் பார்ப்போம் என்று தள்ளிப் போடாமல் வெளிச்சம் உள்ளபோதே இறங்கிவிட வேண்டும். ஊரில் எந்த மேட்டில் நின்றால் 108-க்குப் பேச முடியும், எந்த வீட்டில் வண்டி இருக்கிறது என்பதைக் குழந்தை பிறப்பதற்கு முன்பே கணவன் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மனத்தின் நோயையும் இதனோடு சேர்க்க வேண்டும். முதல் வாரத்தில் காரணமின்றி அழுவது பலர்க்கு இயல்பு, தானே தீரும். இரண்டு வாரங்களுக்கு மேலும் உறக்கமின்மை, குழந்தையின்மேல் பற்றின்மை, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை இருக்குமாயின் அது நோய், பேய்க்கோளாறு அன்று. 14416 என்ற எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். "நம்மால் இயல்பாகப் பெற முடியவில்லையே" என்ற குறை சில பெண்கள் உள்ளத்தில் இருக்கிறது. வீட்டார் பேச்சுவாக்கில் சொல்லும் ஒரு சொல் அதை வளர்த்துவிடும்.

அடுத்த குழந்தைக்கு அவசரம் வேண்டாம். கருப்பையின் தழும்பு உறுதிப்படுமுன் மீண்டும் கரு உண்டானால் பிரசவ வேளையில் தழும்பு கிழிய இடமுண்டு. குழந்தைக்கு 2 வயது நிரம்பிய பின்பே அடுத்த கர்ப்பம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. பால் கொடுக்கும் காலத்தில் கரு தரிக்காது என்று நம்பி ஏமாந்தவர் பலர். சிகிச்சையின்போதே கருப்பையில் வைக்கும் காப்பர்-டி முதலாகப் பல வழிகள் உள்ளன. குடும்பம் போதும் என்று தீர்மானித்தவர்களில், வயிற்றில் ஒருமுறை கத்தி பட்ட மனைவியையே மறுபடியும் அனுப்பாமல், தையலே தேவைப்படாத எளிய சிகிச்சையைக் கணவர் செய்துகொள்வது நியாயமாகும். ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்பது விதியன்று. சிலர் அடுத்த முறை இயல்பாகவே பெறுகிறார்கள். ஆனால் அது ரணசிகிச்சைக் கூடமும் இரத்தமும் தயாராக உள்ள ஆஸ்பத்திரியில்தான் நடைபெறலாம். வீட்டிலோ வழியிலோ நேரவே கூடாது. மலைப்பகுதியினர் நாள் நெருங்குமுன்பே கீழே இறங்கிவிடுவது உத்தமம். எக்காரணத்திற்காக, எவ்வகைக் கீறல் என்பதெல்லாம் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கும். அச்சீட்டைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வைக்க வேண்டும்.

பிரசவத்திற்குப் பின் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சுகாதார ஊழியர் தாயையும் சேயையும் காண வேண்டும் என்பது ஏற்பாடு. ஆஸ்பத்திரியில் கழிந்த நாட்கள் போக மற்றவை வீட்டில். அவர் வரும்போது குழந்தையை மட்டும் நிறுத்துப் பார்த்துவிட்டுப் போக விடாமல், தாய் தன் தையலையும் காட்ட வேண்டும். 42-ஆம் நாள் கிராம சுகாதார செவிலியரிடமோ டாக்டரிடமோ கேட்க வேண்டியவை சில உண்டு: இரத்தச் சத்து எவ்வளவு, இரத்த அழுத்தம் சரியா, தையல் உள்ளும் புறமும் ஆறியதா, குடம் தூக்கலாமா, தறியில் இறங்கலாமா, கருத்தடைக்கு எது ஏற்றது. கணவரும் உடன் சென்று விடைகளை நேரிலேயே கேட்டுக்கொள்வாராக.